டெல்லி வண்டியை ஊருக்கு ஓட்டி வரும்போது எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

டெல்லியில் பழைய டீசல் வண்டி ஏன் மலிவு என்பது இந்நேரம் எல்லோருக்கும் தெரியும். பத்து வருடம் தாண்டிய டீசல் தலைநகரப் பகுதியில் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது, பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோலையும் சேர்த்து உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் அதை உறுதி செய்தது. அதற்கப்புறம் உத்தரவு தளர்வதும் இறுகுவதுமாகவே இருக்கிறது. எப்படியிருந்தாலும் ஒன்பதாவது வருடத்திலேயே அங்கே இன்னோவா வைத்திருப்பவருக்கு வயிற்றில் புளி கரைய ஆரம்பித்துவிடும். விலை இறங்குவது அந்த இடத்தில்தான்.

எந்த வண்டி வாங்கலாம் என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. பேசி முடித்து, சாவி கைக்கு வந்து, சென்னை வரை 2200 கிலோமீட்டர் முன்னால் கிடக்கிறது. வழியில் வண்டி எதையாவது காட்டும். எதற்கு அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், எதற்கு அடுத்த ஊர் வரை போகலாம், எதை வீடு வரைக்கும் இழுத்துக்கொண்டு வரலாம் என்பதுதான் கேள்வி.

முதலில் ஒன்று. டெல்லியிலிருந்து ஆக்ரா வரையிலான 230 கிலோமீட்டர் சொச்சத்தைப் பயணத்தில் சேர்க்காதீர்கள், அதைச் சோதனை ஓட்டமாக வையுங்கள். மதியம் கிளம்பி, ஆக்ராவில் இரவு தங்கி, காலையில் குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள். விற்றவர் வீட்டு வாசலில் வண்டி எப்போதும் சூடாகவே நிற்கும், நீங்கள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஓட்டி வைத்திருப்பார்கள். ஆக்ராவில் ஏதாவது தெரிந்தால் திரும்பிப் போய்ச் சண்டை போடலாம், நாக்பூரில் தெரிந்தால் போனில்தான் சண்டை. இன்னொன்று, என்.ஓ.சி. (வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற அங்குள்ள ஆர்.டி.ஓ. தரும் தடையின்மைச் சான்று) கைக்கு வரும் வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பதாக முன்பே எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்கும் பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பது ஒரு காரணம், பின்னால் தகராறு வந்தால் கையில் சாட்சி வேண்டும் என்பது இன்னொன்று.

சாவியைத் திருப்பினால் இன்ஜின் விளக்கு எரியவே இல்லை

இதைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் நிறைய. சாவியை ஒரு சுற்று திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் டேஷ்போர்டைப் பாருங்கள். செக் இன்ஜின், ஏர்பேக், ஏ.பி.எஸ்., பேட்டரி, ஆயில் என எல்லா விளக்கும் ஒருமுறை எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆன சில நொடியில் அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு மட்டும் எரியவே இல்லை என்றால் யாரோ அதைக் கழற்றியிருக்கிறார்கள், அல்லது வேறு விளக்கோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். வண்டி பெரிய விபத்தில் சிக்கி ஏர்பேக் வெடித்திருக்கலாம் என்று சந்தேகப்பட இதற்கு மேல் காரணம் வேண்டாம். சாவி கை மாறும் முன் பார்த்திருந்தால் நல்லது, ஆக்ராவில் பார்த்தாலும் பரவாயில்லை.

போனோடு புளூடூத்தில் இணையும் ஓ.பி.டி. கருவி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், சில நூறு ரூபாய்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் வண்டியின் கணினியில் பதிவாகியுள்ள பிழைகளையும் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையையும் காட்டும். விற்கும் நாள் காலையில் யாராவது பிழைகளை அழித்திருந்தால் வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் 'ரெடினெஸ்' சோதனைகள் முடியவில்லை என்று அதில் தெரியும். நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அழித்த பிழை தானாகத் திரும்பி வரும். ஆக்ரா வரை ஓட்டிப் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வண்டி சூடேறுகிறது

வழியில் இன்ஜினைக் காவு வாங்குவது பெரும்பாலும் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். டெல்லிக்குள் மட்டுமே ஓடிய வண்டியை யாரும் நாள் முழுக்க நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியிருக்க மாட்டார்கள். ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தாலும் நகருக்குள் தெரியாது. மத்தியப் பிரதேசத்தில் சாகர் தாண்டி ஏற்ற இறக்கத்தில், மே மாத வெயிலில், நான்கு பேரும் பெட்டிகளும் ஏ.சி.யுமாகப் போகும்போதுதான் வெளியே வரும்.

எப்போது சூடேறுகிறது என்பதைக் கவனித்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

டோல்கேட் வரிசையில், நெரிசலில் நிற்கும்போது முள் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை. ஏ.சி.யும் நிற்கும்போது மட்டும் குளிர்வது நின்றிருக்கும், அது இரண்டாவது சாட்சி. ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். ஃபியூஸ் பெட்டியில் ஹார்னுக்கும் ஃபேனுக்கும் ஒரே மாதிரி ரிலே இருந்தால் மாற்றிச் செருகிப் பார்க்கலாம். எந்தச் சிற்றூர் ஆட்டோ எலக்ட்ரீஷியனும் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருவார். நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் வரை பெரிய பயம் இல்லை.

நெரிசலில் சரியாக இருந்து, வேகம் எடுத்தாலோ ஏற்றத்திலோ மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காதது, அல்லது கூலண்ட் குறைவு. ஏ.சி.யை நிறுத்தி, வேகத்தை எழுபதுக்குக் குறைத்து, உள்ளே ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். வெயிலில் ஹீட்டரா என்று வண்டியில் இருப்பவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டை உங்கள் மேல் இறக்கிவிடும். அப்படியே அடுத்த பெரிய ஊர் வரை போகலாம்.

ஹீட்டரைத் திறந்தும் சூடான காற்று வராமல், முள் மட்டும் ஏறிக்கொண்டே போனால் உள்ளே தண்ணீரே இல்லை அல்லது வாட்டர் பம்ப் சுற்றவில்லை. உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். ஒரு தாபா வரைக்கும் போய்விடலாம் என்று நினைக்கும் அந்த ஐந்து கிலோமீட்டரில்தான் சிலிண்டர் ஹெட் வளைந்து போகிறது.

நிறுத்திய பிறகு பானெட்டைத் திறந்து முக்கால் மணி நேரமாவது சும்மா விடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள், கொதிநீர் பீய்ச்சி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அழுத்த முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு, துணியைப் போட்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். ஊற்றும்போதும் மெதுவாக, முடிந்தால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க. அவசரத்துக்குக் குடிநீர் பாட்டில் தண்ணீர் போதும், ஊர் வந்ததும் கூலண்டை முழுதாக மாற்றிக்கொள்ளலாம்.

இனி, பயப்பட வேண்டியது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறது. கூலண்ட் தொட்டியில் குமிழி நிற்காமல் வருகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பில்டர் காபி நுரை போல வெளிறி ஒட்டியிருக்கிறது. கீழே ஒரு சொட்டுக் கசிவு இல்லாமல் கூலண்ட் மட்டும் குறைகிறது. இதில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டியை ஓட்டக் கூடாது. ஆக்ராவுக்குள் தெரிந்தால் திருப்பிக் கொண்டுபோங்கள். அதற்கு மேல் என்றால் கார் கேரியரில் ஏற்றி அனுப்பிவிட்டு நீங்கள் ரயிலில் வாருங்கள். நாக்பூர், ஹைதராபாத் இரண்டிலும் கேரியர் கிடைப்பது சுலபம். வழியில் ஒருவர் லீக் அடைக்கும் பொடி போட்டுத் தருகிறேன் என்பார், வேண்டாம். அது ஹீட்டர் குழாயையும் சேர்த்து அடைக்கும்.

புதிய வண்டிகள் பலவற்றில் வெப்ப முள்ளே கிடையாது, நீல விளக்கு, சிவப்பு விளக்கு அவ்வளவுதான். சிவப்பு எரியும்போது ஏற்கெனவே தாமதம். மேலே சொன்ன ஓ.பி.டி. கருவியை இதற்காகவே செருகி வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 85 முதல் 100 டிகிரிக்குள் நின்றால் சரி. 105-ஐத் தாண்டி இறங்க மறுத்தால் மேலே சொன்னதையெல்லாம் வரிசையாகச் செய்ய ஆரம்பியுங்கள்.

ஸ்டியரிங் ஆடுகிறது, ஒரு பக்கம் இழுக்கிறது

எண்பதுக்கு மேல் ஆட்டம் ஆரம்பித்து, நூறு தாண்டியதும் குறைந்தால் வீல் பேலன்சிங். அரை மணி நேர வேலை. பிரேக் மிதித்தால் மட்டும் ஆடினால் டிஸ்க் வளைந்திருக்கிறது, ஊர் வரை பொறுக்கலாம், இடைவெளி விட்டு ஓட்டுங்கள். பல மாதம் நகராமல் நின்ற வண்டி என்றால் முதல் சில கிலோமீட்டர் மட்டும் தடதடவென்று இருந்து அப்புறம் சரியாகும், டயர் நின்ற இடத்தில் தட்டையாகியிருக்கும்.

டயர் எப்போது செய்தது என்று பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3518 என்றால் 2018-ம் ஆண்டின் 35-வது வாரம். வண்டி குறைவாக ஓடியதால் பட்டன் புதிதாகவே இருக்கும், ரப்பர் மட்டும் காய்ந்து பள்ளங்களுக்கு நடுவே மெல்லிய விரிசல் ஓடும். ஆறு வருடம் தாண்டிய டயரோடு யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் ஏறாதீர்கள். 165 கிலோமீட்டரும் சிமென்ட் சாலை, வெயிலில் டயர் கொதிக்கும், அங்கே டயர் வெடித்த விபத்துகள் ஏராளம். கார்களுக்கு வேக வரம்பு 100, பனிமூட்டக் காலத்தில் 75 ஆகக் குறைப்பார்கள். கேமரா இருக்கிறது. அபராதம் இன்னும் பழைய உரிமையாளரின் போனுக்குத்தான் போகும், அது வேறு மனஸ்தாபம்.

வெயிலுக்குக் காற்றைக் குறைத்து அடிக்கச் சொல்லும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அது தப்பு. காற்று குறைந்த டயர்தான் அதிகம் வளைந்து அதிகம் சூடேறும். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஸ்டிக்கர் இருக்கும், முழு பாரத்துக்குப் போட்டிருக்கும் அளவை, காலையில் டயர் ஆறியிருக்கும்போது அடியுங்கள். பக்கச் சுவரில் எங்காவது புடைப்பு தெரிந்தால் பேச்சே இல்லை, ஸ்டெப்னி. அந்த ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் ஸ்பேனரும் உள்ளே இருக்கிறதா என்று டெல்லியிலேயே பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாதி வண்டிகளில் ஜாக்கி இருக்காது.

ஒரு பக்கம் இழுத்தால் முதலில் காற்று, அப்புறம் அலைன்மென்ட். இரண்டும் சரி என்றால், இருபது கிலோமீட்டர் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டி நிறுத்தி, நான்கு வீலுக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் பிரேக் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்படியே ஓட்டினால் பேட் கருகி பிரேக் ஆயில் கொதித்து, பெடல் தரை வரை போகும். அடுத்த ஊரிலேயே பிரித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். உறுமல் சத்தம் வேகத்தோடு ஏறி, வளைவில் திரும்பும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங், அதையும் நாக்பூரைத் தாண்ட விடாதீர்கள்.

இழுவை இல்லை, புகை அடிக்கிறது

டீசல் வண்டியில் கறுப்புப் புகையோடு பிக்கப் செத்திருந்தால் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், டெல்லித் தூசி அதைச் சாம்பல் நிற அட்டையாக்கியிருக்கும். அது சரியாக இருந்து, ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது உஸ் என்று காற்று போகும் சத்தம் கேட்டால் டர்போ ஹோஸ் கிழிந்திருக்கிறது அல்லது கிளிப் தளர்ந்திருக்கிறது. கிளிப் பத்து நிமிட வேலை. கிழிசல் என்றால் துடைத்து டேப் சுற்றி மெதுவாக ஊர் வரை வரலாம்.

எண்பது வரை நன்றாகப் போய், அதற்கு மேல் வெட்டி வெட்டி இழுத்தால் டீசல் ஃபில்டர். ரொம்ப நாள் நின்ற வண்டியில் டேங்க் அடியில் தங்கிய கசடு, முதல் தடவை ஃபுல் டேங்க் போட்டு ஓட்டும்போது கிளம்பி வந்து அடைக்கும். ஒரு புதிய ஃபில்டரை வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. நம் மாடலுக்கு உரியது லலித்பூரில் ஞாயிற்றுக்கிழமை கிடைக்காது.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஒவ்வொரு முறை டீசல் போடும்போதும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், ஒரு லிட்டர் டின் கையில் இருக்கட்டும். ஊற்றி ஊற்றி வீடு வந்து சேரலாம். ஒரே ஒரு நிலை மட்டும் ஆபத்து: நீலமும் வெள்ளையுமாகப் புகை மூடி, கால் எடுத்த பிறகும் இன்ஜின் தானாகவே உறுமி ஏறுவது. டர்போ சீல் உடைந்து இன்ஜின் தன் ஆயிலையே குடிக்கிறது. சாவியைத் திருப்பினாலும் அணையாது. மேனுவல் கியர் என்றால் பிரேக்கை அழுத்தி மிதித்து, மேல் கியரில் போட்டுக் கிளட்சை விட்டு இன்ஜினை அணைக்க வேண்டும். அரிதுதான், ஆனால் நடக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 (புதிய புகை விதிக்கு உட்பட்ட) டீசல் வாங்கியவர்களுக்குத் தனிப் பிரச்சினை. டெல்லி நெரிசலிலேயே ஓடியதால் டி.பி.எஃப். (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடைத்து விளக்கு எரியும். அது மட்டும் எரிந்தால் பயமில்லை, எக்ஸ்பிரஸ்வேயில் எண்பது தொண்ணூறில் ஒரே சீராக இருபது நிமிடம், 2000 ஆர்.பி.எம். குறையாமல் ஓட்டினால் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். நடுவில் டீக்கு நிறுத்தாதீர்கள். அதோடு செக் இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்து வேகம் ஏற மறுத்தால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

சத்தமே இல்லாமல் நடுவழியில் நின்றுவிடும் வகையும் ஒன்று உண்டு. டஸ்டர் டீசல், 1.5 லிட்டர் டீசல் போலோ போன்றவற்றில் டைமிங் பெல்ட். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி இன்ஜின் போச்சு. கிளம்பும் முன்பே டெல்லியில் மாற்றிவிடுங்கள், இதற்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கிளட்ச்: ஏற்றத்தில் ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் தேய்ந்துவிட்டது. ஓவர்டேக் ஆசையை விட்டுவிட்டு மெதுவாக வந்தால் வந்துவிடலாம்.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

மல்டிமீட்டர் இருந்தால் வேலை சுலபம். இரவு நின்ற பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகு 13.8-லிருந்து 14.5-க்குள். முதலாவது குறைந்து இரண்டாவது சரி என்றால் பேட்டரி கிழடு, புதிது போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். ஓடும்போதும் 12-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர், புது பேட்டரியும் சில மணி நேரத்தில் படுத்துவிடும். அப்போது ஏ.சி., லைட் எல்லாம் நிறுத்திப் பகல் வெளிச்சத்திலேயே அடுத்த நகரம் போய்ச் சேருங்கள்.

ஜம்பர் கேபிள்: சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், அப்புறம் நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி நுனி செத்த வண்டியின் இன்ஜின் இரும்பில். பேட்டரி மேலேயே மாட்டினால் பொறி பறக்கும்.

சாலையில் மாட்டிக்கொண்டால் தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. சிவனியிலிருந்து நாக்பூர் வரும் பாதை பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிப் போகிறது, விலங்குகள் கீழே கடப்பதற்கென்றே பாலம் கட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகு, ஆனால் சந்தேக வண்டியோடு ராத்திரி அங்கே போக வேண்டாம். மெக்கானிக்கை அங்கெல்லாம் மிஸ்திரி என்பார்கள். 'மிஸ்திரி கஹான் மிலேகா' என்று கேட்டால் டீக்கடைக்காரரே போன் போட்டுக் கூப்பிட்டுத் தருவார்.

ஏ.சி. போட்டால் மக்கிய வாடை

ஏ.சி. ஃபில்டராக இருக்கலாம், மாற்றிப் பாருங்கள். வாடை போகவில்லை என்றால் வண்டி வெள்ளத்தில் மூழ்கியிருக்கலாம். 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் வரை ஏறியபோது டெல்லியில் எத்தனையோ வண்டி மூழ்கியது, 2015-ல் சென்னையில் பார்த்தவர்களுக்கு அந்த வாடை தெரியும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுங்கள். வாட்டர் சர்வீஸ் செய்தவர்கள் வெளியே தெரியும் இரண்டடியைத்தான் கழுவியிருப்பார்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் மண்கறை நேர்கோடாக நிற்கும். ஸ்டெப்னிக் குழி, சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புத் தண்டவாளம், ஃபியூஸ் பெட்டி மூலை எல்லாவற்றிலும் துரு இருக்கிறதா பாருங்கள். உறுதியானால் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் வழியைத் தேடுங்கள். இன்றைக்கு ஓடும், ஆறு மாதம் கழித்து ஒயரிங் ஒவ்வொன்றாகப் போகும்.

பெட்ரோல் வண்டி என்று வாங்கினால் டிக்கியில் சிலிண்டர்

டெல்லியில் சி.என்.ஜி. சாதாரணம். ஆர்.சி.யில் எரிபொருள் 'பெட்ரோல்/சி.என்.ஜி.' என்று ஏறியிருக்கிறதா, சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) செய்த தகடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.யில் இல்லாத கிட் ஊரில் பதிவுக்குப் போகும்போது இடிக்கும், கழற்றச் சொல்லிவிட்டு எடுத்து வாருங்கள்.

டோல்கேட் திறக்கவில்லை

ஃபாஸ்டேக் கறுப்புப் பட்டியலில் இருக்கிறது. பணம் இல்லை, கே.ஒய்.சி. முடியவில்லை, அல்லது விற்றவர் அவசரப்பட்டு மூடிவிட்டார். முதலாவது என்றால் எந்த யு.பி.ஐ. செயலியிலும் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே ரீசார்ஜ் செய்யலாம், கணக்கு யார் பெயரில் இருந்தாலும் ஏறும். ஊர் போய்ச் சேரும் வரை மூடாதீர்கள் என்று விற்பவரிடம் சொல்லி வைப்பது எல்லாவற்றிலும் எளிது. 2025 நவம்பர் 15-ல் வந்த விதிப்படி, டேக் வேலை செய்யவில்லை என்றால் ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. டெல்லியிலிருந்து சென்னை வரை எத்தனை டோல் என்று எண்ணிப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

போலீஸ் நிறுத்துகிறார்: 'வண்டி உன் பேரில் இல்லையே'

இருக்காது, பயப்பட ஒன்றும் இல்லை. ஒரிஜினல் ஆர்.சி., நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், உங்கள் லைசென்ஸ், அதோடு விற்பனைக் கடிதம். கடிதத்தில் வண்டி ஒப்படைத்த தேதி மட்டும் போதாது, மணியும் வேண்டும். டெலிவரிக்கு ஒரு மணி நேரம் முன்பு டெல்லியில் அந்த வண்டி யாரையாவது இடித்திருந்தால் அது உங்கள் தலையில் விழக் கூடாது, பிந்தையது அவர் தலையில் விழக் கூடாது. விற்றவரின் ஆதார் நகலில் அவர் கையெழுத்தும் இருக்கட்டும். டிஜிலாக்கரில் ஆர்.சி. விற்றவரின் கணக்கில்தான் இருக்கும், உங்கள் போனில் வராது, அதனால் அட்டையையே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

புகைச் சான்றிதழை அலட்சியம் செய்யாதீர்கள், டெல்லியில் அதற்கு அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரை. கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.

இன்சூரன்ஸ்தான் பலர் கோட்டை விடும் இடம். வண்டி கை மாறினால் மூன்றாம் நபர் காப்பீடு தானாக உங்களுக்கு வந்துவிடும். உங்கள் வண்டிக்கே ஏற்படும் சேதம் அப்படி வராது. 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதிப் பெயர் மாற்ற வேண்டும். வழியிலேயே ஜான்சி பக்கம் லாரி உரசினால் பழையவர் பெயரிலுள்ள பாலிசியில் உங்களுக்குக் கிளெய்ம் கிடைப்பது கஷ்டம். நோ கிளெய்ம் போனஸும் விற்றவரோடு போய்விடும், அதையும் சேர்த்து விலை பேசியிருக்க வேண்டும்.

ஊருக்கு வந்தாச்சு, ஆர்.டி.ஓ.வில் நிற்கிறது

இன்ஜின் கோளாறைவிட இதில்தான் நான் அதிகம் பேரைத் தவிக்கக் கண்டிருக்கிறேன். ஹெட் கேஸ்கட் காசு கொடுத்தால் சரியாகும். என்.ஓ.சி. இல்லாத வண்டிக்குக் காசு கொடுத்தும் வேலை நடக்காது, விற்றவர் போனை எடுக்க வேண்டும்.

வேண்டியவை: படிவம் 28 என்கிற என்.ஓ.சி., விற்பனைக்குப் படிவம் 29, 30, கடன் இருந்திருந்தால் படிவம் 35-ம் வங்கிக் கடிதமும், இங்கே புது எண் கேட்கப் படிவம் 27. அப்புறம் ஆயுள் வரி, வண்டியின் வயதையும் விலையையும் பொறுத்து. வாங்கும் முன்பே உங்கள் ஆர்.டி.ஓ.வில் கணக்குப் போடச் சொல்லுங்கள். சில வண்டிகளுக்கு டெல்லியில் மிச்சமான பணம் இங்கே வரியில் போய்விடும்.

என்.ஓ.சி. வரவே இல்லை என்றால் பெரும்பாலும் கட்டாத செலான் (போக்குவரத்து அபராதம்) அல்லது நீக்காத ஹைபாதிகேஷன் (ஆர்.சி.யில் ஏறிய வங்கிக் கடன் பதிவு). அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு இரண்டையும் பாருங்கள், டெல்லி போக்குவரத்துப் போலீஸின் செலானையும் தனியாகத் தேடுங்கள். விற்றவர் இழுத்தடித்தால் அவருக்கு ஒன்றை நினைவுபடுத்துங்கள்: பதிவேட்டில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர், விபத்து இழப்பீட்டில் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. உங்களைவிட அவருக்குத்தான் அவசரம் இருக்க வேண்டும். இதைச் சொன்னதும் பலர் போனை எடுக்கிறார்கள்.

என்.ஓ.சி. இருந்தும் ஏற்கவில்லை என்றால், அது எந்த அலுவலகத்துக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். நீங்கள் இருப்பது தாம்பரம், என்.ஓ.சி. மதுரைக்கு என்றால் முதலிலிருந்து அலைய வேண்டும். ஆறு மாதத்துக்குள் கொடுக்கவும் வேண்டும். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் அடித்துள்ளதும் ஓர் எழுத்து மாறினாலும் நிறுத்திவிடுவார்கள், அதனால் வாங்கும்போதே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் உரசல், வெல்டிங், புதுப் பெயின்ட் தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். திருட்டு வண்டியா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில் பார்க்கலாம், அந்தச் சான்று உங்களுக்கும் நல்லதுதான்.

தற்காலிகமாக டெல்லி எண்ணிலேயே ஓட்டலாமா என்று கேட்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் வேறு மாநில எண்ணுக்குப் பன்னிரண்டு மாதம் அவகாசம் இருக்கிறது, ஆனால் அது உரிமையாளர் தன் வண்டியைக் கொண்டு வருவதற்கு. வாங்கிய வண்டிக்குப் பெயர் மாற்றம் முப்பது நாளுக்குள் கேட்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு மாதத்தை நம்பிப் போட்டு வைத்தால் என்.ஓ.சி.யின் ஆறு மாதம் முதலில் முடிந்துவிடும்.

புது எண் வந்ததும் இன்சூரன்ஸில் எண்ணை மாற்றுங்கள், உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் போடுங்கள், பழைய ஃபாஸ்டேக்கைக் கிழித்து மூடச் சொல்லிவிட்டு உங்கள் பெயரில் புதிது வாங்குங்கள். ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான், ஒன்றுக்கு மேல் இருந்தால் கடைசியாக வாங்கியதே நடப்பில் இருக்கும், பழையது கறுப்புப் பட்டியலுக்குப் போய்விடும்.